துருவத்தை நோக்கிய அச்சு

விண்மீன்கள் நகர்வதாகச் சொல்வது நம் வழக்கம். உண்மையில் திரும்புவது பூமியே. அது 23 மணி 56 நிமிடங்களில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதால், தொலைநோக்கியில் அரிதிற் பிடித்த சனிக்கிரகம் ஓரிரு நிமிடங்களில் நழுவி மறைகிறது. இதனை ஈடுசெய்யவே, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த அச்சினையுடைய பீடம் உண்டாயிற்று. பூமி கிழக்கே திரும்பும் அதே வேகத்தில் இவ்வச்சு மேற்கே திரும்புமாயின், விண்மீன் அசையாது நிற்கும்.

எவ்வளவு சாய்ப்பது? ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. பெங்களூரில் 13 டிகிரி, கல்கத்தாவில் 22½, டில்லியில் 28½. இடமாற்ற உத்தரவு பெற்று டில்லிக்குப் பெட்டி கட்டும் நம்மவர், பீடத்தின் அச்சையும் பதினைந்தரை டிகிரி நிமிர்த்தியாக வேண்டும்!

தென்னாட்டில் வேறொரு சங்கடம் உண்டு. குளிர்நாடுகளை எண்ணிச் செய்த பீடங்கள் சிலவற்றை 13 டிகிரி வரை தாழ்த்த இயலாது. தாழ்த்தினாலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குமுன் இதனைக் கேட்டறியாவிடில் பெரும்பொருள் வீணாகும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இக்குறையே இல்லை. அதன் அச்சினைக் குதிரைலாட வடிவான பெருஞ்சட்டம் தாங்குகிறது. தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்ற அமைப்பு அது. அச்சின் சாய்வு அங்கே ஏறக்குறைய 12½ டிகிரிதான்.

அச்சினைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்தால் போதாதா எனலாம். கண்ணாற் காண்பதற்குப் போதும். ஆயினும் அந்நட்சத்திரம் மெய்யான துருவத்திலிருந்து முழுமதியின் அகலத்தைவிடச் சற்று மிகுதியாக விலகியே நிற்கிறது. தவிர, 13 டிகிரி உயரத்திலுள்ளதை அடுத்த வீட்டு மாடி மறைத்துவிடும். திசைகாட்டியையும் முற்றும் நம்புவதற்கில்லை. பீடத்தின் இரும்பே அதன் முள்ளை இழுக்கும்.

துருவம் தெரியாத மாடியிலும் செய்யத்தக்க முறை ஒன்றுண்டு. தெற்கே உச்சிக்கோட்டருகில், வான நடுவரையை ஒட்டிய விண்மீன் ஒன்றைப் பிடியுங்கள். மார்கழி, தை இரவுகளில் வேடனின் இடைக்கச்சையிலுள்ள மூன்றனுள் மேற்கோரத்தது மிகப் பொருந்தும். மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விண்மீன் தெற்கே வழுவினால் அச்சு கிழக்கே மிகுந்துள்ளது. வடக்கே வழுவினால் மேற்கே மிகுந்துள்ளது. பார்வைவட்டத்தில் தெற்கு எதுவெனில், குழாயை வடக்கே சிறிது தள்ளும்போது விண்மீன் செல்லும் பக்கமே. இது சீரானபின் கீழ்வானில் ஒரு விண்மீனைப் பிடியுங்கள். அது தெற்கே வழுவினால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே வழுவினால் உயர்ந்துள்ளது. ஒன்றைத் திருத்துகையில் மற்றது சிறிது கெடுமாதலால், இரண்டையும் இரண்டு மூன்று முறை மாறிமாறிப் பார்க்கவேண்டும். புகைப்படம் எடுப்பவர் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது நன்று.