அன்னாசியை எண்ணிப் பார்க்கும் பிள்ளை

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கிறோம் என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "கணிதத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான். பாடப்புத்தகம் எம்மிடமும் இருக்கிறது. ஆனால் எண் கோலங்கள் பாடத்தை நான் ஓர் அன்னாசிப் பழத்தில்தான் தொடங்கினேன்.

அன்னாசியின் கண்கள் சாய்வான வரிசைகளாகச் சுற்றிச் செல்கின்றன. ஒரு வரிசையைப் பேனையால் அடையாளமிட்டு, அதே பக்கம் சாய்ந்த மற்ற வரிசைகளையும் எண்ணினால் பெரும்பாலும் 8 வரும். எதிர்ப்பக்கம் சாய்ந்தவை 13. சூரியகாந்தியின் நடுவில் பெரும்பாலும் 34, 55. இவை 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று செல்லும் தொடரின் எண்கள். முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது கிடைக்கும்.

இத்தொடருக்கு பிபொனாச்சி என்ற இத்தாலியரின் பெயர். இளமையில் அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்தில் இந்திய-அரபு எண்களைக் கற்ற அவர், 1202இல் எழுதிய நூலில் முயல்கள் பெருகும் கணக்காக இதைத் தந்தார். அவருக்கு முன்பே இந்திய யாப்பு அறிஞர்கள் இதை அறிந்திருந்தனர்.

செடிக்கு எண்ணத் தெரியுமா என்று பிள்ளை கேட்கும். தெரியாது. வளரும் நுனியில் ஒவ்வொரு புதிய அரும்பும், முந்தியவை நெருக்காத இடத்தில் தோன்றுகிறது. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 137.5 பாகை. அது 90 பாகையானால் எல்லாம் நான்கே வரிசையில் நின்று, இடையில் இடம் வீணாகும். 137.5 பாகையில் இடம் நெருக்கமாக நிறைகிறது. சுருள்கள் தாமாகவே தெரிகின்றன.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. செவ்வரத்தைக்கு 5 இதழ்கள், வெட்சிக்கு 4. நான்கு இத்தொடரில் இல்லை. பொருந்தாததையும் கொப்பியில் எழுதப் பழக்க வேண்டும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன்? இத்தொடரின் ஓர் எண்ணை அதற்கு முந்தியதால் வகுத்துக்கொண்டே போனால் விடை 1.618ஐ நெருங்கும். இதுவே பொன் விகிதம். உலகின் பொன் விகிதப் புள்ளி மக்கா என்றொரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மக்கா வடக்கு 21.4 பாகையில் உள்ளது. தென்துருவத்துக்கான தூரத்தை வடதுருவத்துக்கான தூரத்தால் வகுத்தால் 1.62 வருவது உண்மைதான். ஆனால் அதே அகலக்கோட்டிலுள்ள எல்லா ஊர்களுக்கும் அதே விடைதான். இந்தியாவின் நாக்பூருக்கும் ஏறத்தாழ அதே விடைதான் வரும்!

கஃபாவின் கண்ணியம் தசம எண்ணில் தங்கியிருக்கவில்லை. அல்லாஹ் அனைத்தையும் அளவோடு படைத்தான் என்பது எமது ஈமான். அதற்குப் பொய்க் கணக்கின் முட்டு தேவையில்லை. அப்படிக் கட்டிய நம்பிக்கை, பிள்ளை வளர்ந்து கணக்கைச் சரிபார்க்கும் நாளில் ஆட்டம் காணும்.

இனி அப்படியொரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.