மலிவுப் பெட்டியில் பழைய படங்கள்

கெலாங் பாத்தா, தென் ஜொகூரில் உள்ள சிற்றூர். சுற்றிலும் இருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் துவாஸ். விசிடியும் டிவிடியும் செல்வாக்குப் பெற்றிருந்த நாளில், இத்தகைய ஊர்களின் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் பழைய தமிழ்ப் படங்கள் சில வெள்ளிக்கு விற்கப்பட்டன. ஒரே தட்டில் மூன்று படங்கள். உறையில் முகமூடி அணிந்த ஒருவன், உருவிய வாள், கைத்துப்பாக்கியுடன் ஒரு நடிகை. தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்த முதியோர் அவற்றை விரும்பி வாங்கினர். படித்தவர் பலர் குப்பையென ஒதுக்கினர். அக்குப்பையுள் இருப்பது என்ன, அது ஏன் மலிவாயிற்று, வாங்குவோர் எதை நோக்கி வாங்குதல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயத்தக்கவை.

இவ்வகைப் படங்களைக் குறிக்க ஆங்கிலத்தார் 'பி' படம் என்பர். அவ்வழக்கு அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுகளில் தோன்றியது. பொருளாதார மந்தத்தால் கொட்டகைக்கு வருவோர் குறையவே, ஒரு சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் முறை பரவிற்று. முதலாவது பெரிய நடிகர் நடித்த படம். அதன் வசூலில் தயாரிப்பாளருக்குப் பங்குண்டு. இரண்டாவதற்கோ குறித்த வாடகை மட்டுமே. எவ்வளவு கூட்டம் வந்தாலும் வருவாய் கூடாது. ஆதலால் செலவைக் குறைப்பதே இலாபத்திற்கு வழி. மோனோகிராம், ரிபப்ளிக் போன்ற சிறு நிறுவனங்கள் குதிரைவீரர் கதைகளையும் பேய்க் கதைகளையும் சில நாள்களிலேயே எடுத்து முடித்தன.

தமிழ்நாட்டில் இம்முறை வேரூன்ற வழியில்லை. பதினைந்தாயிரம் அடி நீளமுள்ள தமிழ்ப் படம் ஒன்றே ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிடும், இரண்டாவதற்கு இடமேது? ஆகவே 'பி' என்னும் எழுத்து இங்குப் படத்தை விட்டு ஊரைப் பற்றிக்கொண்டது. பெருநகரங்கள் 'ஏ சென்டர்', சிறு நகரங்கள் 'பி சென்டர்', சிற்றூர்களும் அவற்றின் கூடாரக் கொட்டகைகளும் 'சி சென்டர்' என்பது விநியோகத்தார் வழக்கு. இது பொருளுடைய மாற்றம். அமெரிக்கன் தரத்தால் பிரித்ததைத் தமிழன் பார்ப்பவரால் பிரித்தான். மலாயாத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படக் காட்சியை இவ்வரிசையின் கடைசிப் படியாகக் கொள்ளலாம். அங்கே பாய் விரித்து அமர்ந்தவர்க்கு நுட்பமான குடும்ப நாடகத்தைவிடக் குதிரையோட்டமும் வாட்சண்டையும் இனித்ததில் வியப்பில்லை.

இந்தியாவில் இவ்வகைக்கு வழிகாட்டியது பம்பாயின் வாடியா மூவிடோன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிற் பிறந்த மேரி ஆன் எவன்ஸ் என்பவர், 'அஞ்சாத நாடியா' என்னும் பெயருடன் 1935-இல் 'ஹண்டர்வாலி' படத்தில் முகமூடியும் சவுக்குமாகத் தோன்றினார். தமிழிலும் கே. டி. ருக்மணி 1937-இல் 'மின்னல்கொடி'யில் வீரப் பெண்ணாக நடித்தார். பெண்டிர்க்கு அடக்கத்தையே அணியாகக் காட்டிய பெரும்படங்களின் காலத்தில், பெண் குதிரையேறிக் கயவரை அடித்தது இந்த 'மட்டமான' படங்களிலேதான். பிற்காலத்தில் 'நீலமலைத் திருடன்' (1957) வந்தது. சின்னப்பா தேவர் தயாரித்து, எம். ஏ. திருமுகம் இயக்கி, ரஞ்சன் நடித்த படம்.

ஆயினும் மலிவில் விரைந்து எடுக்கும் கலையைத் தொழிலாகவே வளர்த்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்த அந்நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே படப்பிடிப்புத் தளம் முதல் ஆய்வுக்கூடம் வரை அமைந்திருந்தன. கலைஞர் பலர் மாதச் சம்பளத்தில் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 'மந்திரி குமாரி' (1950), வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவற்றை எல்லாரும் அறிவர். சுந்தரம் 1963-இல் மறைந்த பின் வந்த துப்பறியும் படங்களைத்தான் இன்று மறந்துவிட்டனர். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ஆகியவற்றில் ஜெய்சங்கர் நடித்தார்; 'தென்னிந்திய ஜேம்ஸ்பாண்ட்' என்று அவருக்குப் பெயர் நிலைத்தது. எம். கர்ணன் 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) ஆகியவற்றில் அமெரிக்கக் குதிரைவீரர் கதையைத் தமிழ் வெயிலில் ஓட்டிப் பார்த்தார். இவையெல்லாம் உயர்ந்த கலை என்று வாதிடுவது வீண். சிலவற்றை அரைமணி நேரம் பொறுத்திருப்பதே அரிது. ஆனால் செலவைக் குறைக்க வெளியிலே படம் பிடித்தபோது, அக்காலச் சாலைகளும் கார்களும் உடைகளும் கடைப் பலகைகளும் கேட்காமலே உள்ளே வந்து பதிந்துவிட்டன. அரங்கம் கட்டி எடுத்த புராணப் படத்தில் அவை கிட்டா.

இனி விலையைக் கருதுவோம். 2007-இல் மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. வெற்றுத் தட்டு செய்து பழகிய நிறுவனமாதலால் தட்டின் அடக்கவிலை அதற்குச் சிறிது. பழைய படங்களின் உரிமையையும் மொத்தம் மொத்தமாக வாங்கிற்று. கள்ளத் தட்டின் விலைக்கே நல்ல தட்டைக் கொடுத்துக் கள்ளச் சந்தையை வெல்வது அதன் எண்ணம். ஆனால் மக்கள் தட்டையே கைவிட்டனர். 2018-இல் அந்நிறுவனம் கலைக்கப்பட வேண்டுமென ஆணையாயிற்று.

அமெரிக்காவில் மலிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே 1964-க்கு முன் வெளிவந்த படங்களின் உரிமையை 28-ஆம் ஆண்டில் புதுப்பித்தல் வேண்டும். மறந்தவர் உரிமையை இழந்தனர். 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் பேய்ப்படம், பெயரை மாற்றியபோது உரிமைக் குறிப்பு விடுபட்டமையால், வெளியான அன்றே பொதுவுடைமையாயிற்று. இத்தகைய படங்களைத் திரட்டி, 12 தட்டுகளில் 50 படங்கள் என்று மில் கிரீக் நிறுவனம் பெட்டி பெட்டியாக விற்றது.

நம் நிலைமை வேறு. இந்தியச் சட்டம் படத்திற்கு முதலில் 50 ஆண்டு உரிமை அளித்தது. 1992-இல் அது 60 ஆயிற்று. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 ஆண்டு. வெளியான ஆண்டிற்கு அடுத்த சனவரி முதல் கணக்கிடுவர். எனவே 'நீலமலைத் திருடன்' படத்தின் உரிமைக்காலம் இங்கு 2007-உடனும், அங்கு 2017-உடனும் முடிந்தது. 'வல்லவன் ஒருவன்' படத்திற்கு இங்கு 2016, அங்கு 2026. கதை, இசை ஆகியவற்றின் உரிமை தனிக் கணக்கு.

வாங்குவோர் அறியவேண்டிய கணக்கு இன்னொன்று. ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றில் 4.7 கிகாபைட் அடங்கும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் பதிந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 42 இலட்சம் பிட் கிடைக்கும். மூன்று படங்களைத் திணித்தால் 14 இலட்சமே. விசிடியில் காட்சிக்கு மட்டும் உள்ளது ஏறக்குறைய 11½ இலட்சம். அஃதாவது, பெயர் டிவிடி; நிலை விசிடிக்கு அருகில். மழைக் காட்சியும் புகையும் கட்டங்கட்டமாக உடைவதற்குக் காரணம் பழைய சுருள் மட்டுமன்று.

வெட்டப்பட்டதைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் தோன்றுமிடத்துத் தட்டை நிறுத்துக. நீளம் அடியிலோ மீட்டரிலோ எழுதப்பட்டிருக்கும். 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 15,000 அடிப் படம் 166 நிமிடம் 40 வினாடி ஓடவேண்டும். தட்டு 140 நிமிடத்தில் முடிந்தால், பாட்டோ நகைச்சுவைப் பகுதியோ கத்தரிக்கு இரையாயிற்று என்று பொருள். ஆனால் 160 நிமிடமாயின் ஐயுற வேண்டா. வினாடிக்கு 24 படமாக ஓடவேண்டியதை மலேசியத் தொலைக்காட்சி முறையில் 25-ஆக ஓட்டுவதால் வரும் குறைவு அது, எதுவும் வெட்டப்படவில்லை. பாடகர் குரல் சற்றே மேலேறி ஒலிப்பதும் அதனாலேயே. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விகிதக் கணக்குக் கற்பிக்க இதைவிடச் சுவையான உதாரணம் கிடைப்பது அரிது. அகலத்திரைப் படங்களில் வேறொரு குறை: தமிழில் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' முதல் அகலத்திரைப் படங்கள் உண்டு; அவற்றைத் தொலைக்காட்சிச் சதுரத்திற்கு அடக்கும்போது இருபுறமும் வெட்டுண்டு, பேசுபவர் மூக்கு மட்டும் எஞ்சுவதும் உண்டு.

தட்டின் அடிப்புறத்தையும் நோக்குக. ஆலையில் அச்சிட்டது வெள்ளி நிறமாக ஒளிரும். கணினியில் எரித்தது ஊதா அல்லது பச்சைச் சாயல் காட்டும். பின்னது சாயத்தில் எழுதிய எழுத்து. வெயிலும் வெப்பமும் அதை அழிக்கும்.

இத்தனை குறையுடைய பொருளைப் பொருட்படுத்துவது ஏன் என்று கேட்கலாம். மாற்று இல்லாமையே காரணம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்திற்கு இன்று ஒரு படிகூட இல்லை. இந்திய அரசின் திரைப்படக் காப்பகம் 1964-இல்தான் புனேயில் தோன்றியது. அங்கும் 2003 சனவரியில் நேர்ந்த தீயில் 600-க்கு மேற்பட்ட பழம்படங்களின் நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. காப்பகத்தார் சேர்க்கும்போதும் பெரும்படமே முன்னுரிமை பெறும். முகமூடி வீரன் வாயிலிலேயே நிற்பான்.

நீரிணைக்கு அப்பால் நடந்ததும் நம் கதையே. 'பூலோக ரம்பை' (1940), 'சாலிவாகனன்' (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ், பின்னர் சிங்கப்பூர் வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். கேத்தே கெரிஸ் நிறுவனத்திற்காக அவர் 1957-இல் எடுத்த 'பொந்தியானாக்' என்னும் பேய்ப்படத்தில் மரியா மெனாடோ நடித்தார். மலாய்க்காரர் மட்டுமன்றிச் சீனரும் இந்தியரும் திரண்டு பார்த்த வெற்றிப் படம். அதன் படி இன்று இல்லை. சுருள்களை நீரில் எறிந்துவிட்டனர் என்றொரு செய்தி வழங்குகிறது. அதே ஆண்டு வந்த தொடர்ச்சியும் போயிற்று. மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' (1958) மட்டும் தப்பியது. தப்பிய கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஊரார் கூடிப் பார்த்த படம் அழிந்தது, அதன் சுருள் ஒரு கையில் மட்டும் இருந்தமையால். மலிவுத் தட்டோ ஆயிரம் வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று எஞ்சும்.

அதற்கும் காலம் குறுகி வருகிறது. புதிய கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டு செருகும் வாயே இல்லை. ஓட்டும் கருவியும் கடைகளில் அருகிவிட்டது. இணையத்தில் காணப்படும் பழைய படங்கள் பலவற்றின் மூலையில் ஏதேனும் ஒரு தட்டு வெளியீட்டாளரின் முத்திரை நிற்கக் காணலாம். அவை வேறெங்கிருந்தும் வந்தவை அல்ல, இந்தத் தட்டுகளிலிருந்து வந்தவையே. உறையைத் தூக்கி எறியாமல், வெளியீட்டாளர் பெயர், சான்றிதழ் காட்டும் நீளம், தட்டு ஓடும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் குறித்துத் தட்டுடன் வைத்தால், பின்னாளில் இரு படிகளை ஒப்பிட்டு, ஒன்றில் விடுபட்ட பாட்டை மற்றொன்றிலிருந்து எடுத்துச் சேர்ப்போர்க்கு அது பயன்படும்.