எது மேல், எது கீழ்?

மகளுக்குச் சித்திரப் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தன் கையால் மீண்டும் ஆக்கிக்காட்ட வேண்டும். ரீச்சர் கொடுத்த வர்ணப் பிரதியில் ஆள் இல்லை, மரம் இல்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் மட்டுமே.

"இதென்ன பிள்ளை, பாய் பின்னத் தொடங்கினமாதிரிக் கிடக்கு?"

"உது கீறினதில்லை அம்மா, ஒட்டினது."

ஒட்டியவர் பீற் மொன்ட்றியன். 1872இல் நெதர்லாந்தில் பிறந்தவர். பரிஸில் பல வருடங்கள் இருந்தவர், போர் வரப்போகிறதென்று அஞ்சி 1938இல் லண்டனுக்குப் போனார். 1940இல் அங்கும் குண்டு விழத் தொடங்கியது. அந்த வருடமே கப்பலேறி நியூயோர்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 68. பரிஸிலும் லண்டனிலும் தொடங்கிய படங்கள் சிலவற்றை அங்கேதான் முடித்தார். பாதியில் விட்ட தையலை இன்னோர் ஊரில் எடுத்து முடித்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"நியூயோர்க் சிற்றி 1" என்ற இந்தப் படம் 1941இல் செய்யப்பட்டது. வர்ண ஒட்டுநாடாக்களைத் துணியில் ஒட்டி, கழற்றி, நகர்த்திப் பார்ப்பது அக்காலத்தில் அவர் வேலைசெய்த முறை.

மகள் முதலில் பிறிஸ்டல் போட்டில் அடிமட்டம் வைத்துச் சம இடைவெளியில் கோடு போட்டு வர்ணம் தீட்டினாள். நீலமும் மஞ்சளும் சந்தித்த இடமெல்லாம் பச்சையாயிற்று. முடிவில் அது பெட்டிச் சாரம் போலத்தான் இருந்தது. ஒரு போட் வீண். வாங்கிய காசை நினைத்து இருவரும் பேசாமல் இருந்தோம்.

நான் இடம்பெயர்வோடு படிப்பை விட்டவள். சித்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் பின்னல் தெரியும். பிரதியைக் கிட்ட வைத்துப் பார்த்தேன். இடைவெளிகள் சமமில்லை. ஒரு கரையில் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. கோடு கோட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் எது மேலே, எது கீழே என்று பார்க்கவேண்டும். வர்ணத்தாளை ஒடுங்கிய கீலங்களாக வெட்டினோம். பசையை உடனே பூசவில்லை, குண்டூசியால் குத்தி வைத்தோம். ஒரு மஞ்சள் கீலத்தைச் சற்றுத் தள்ளினால் முழுப் படமுமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. மூன்று இரவுகள் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்படம் ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகர ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அது பல தசாப்தங்களாகத் தலைகீழாகவே தொங்கியிருக்கலாம் என்று 2022இல் அங்குள்ளவர்களே அறிவித்தார்கள். ஓவியர் இறந்த 1944ஆம் ஆண்டிலேயே வெளியான சஞ்சிகைப் புகைப்படம் ஒன்றில், கோடுகள் நெருங்கிய கரை மேலே இருக்கிறது. கூடத்திலோ அது கீழே. படத்தில் கையெழுத்து இல்லாததால் தவறு யாருக்கும் தெரியவில்லை. இனித் திருப்பினால் பழைய நாடாக்கள் கழன்று விழுந்துவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நாங்கள் எங்களுடையதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம். எனக்கு நெருங்கிய கரை மேலே இருப்பதுதான் பிடித்தது, கூரையின் வரிச்சுப் போல. மகளுக்கு மற்றப் பக்கம். கீழ் மூலையில் பெயர் எழுதினால் அதுவே அடிப்பக்கம் என்றாகிவிடும். அவள் பேனையை எடுத்து, போட்டைக் கவிழ்த்து, பின்புறத்தில் பெயரையும் வகுப்பையும் எழுதினாள்.