எஃப் ஷார்ப் மொழிக்கான நடத்தைவழி ஏற்புச் சோதனைக் கருவிகள்

நடத்தைவழி ஏற்புச் சோதனை என்பது ஒரு மென்பொருள் பயனர் எதிர்பார்த்தபடி நடந்துகொள்கிறதா என்பதை எளிய மொழியில் எழுதிய எடுத்துக்காட்டுகளைக் கொண்டு சரிபார்க்கும் முறையாகும். நடத்தைவழி மென்பொருளாக்கம் என்ற கருத்தை முன்வைத்தவர் டான் நார்த். எஃப் ஷார்ப் என்பது மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவில் டான் சைம் வடிவமைத்த, செயல்சார் நிரலாக்கத்தை முதன்மையாகக் கொண்ட நிரல்மொழியாகும்.

எடுத்துக்காட்டு

இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் கெர்கின் என்னும் எழுத்துமுறையில் அமைகின்றன. கெர்கினில் தமிழ்ச் சிறப்புச்சொற்களும் உள்ளன:

காட்சி: இரவல் வரம்பு
கொடுக்கப்பட்ட உறுப்பினரிடம் 3 நூல்கள் உள்ளன
எப்போது அவர் 4ஆவது நூலைக் கேட்கிறார்
அப்பொழுது இரவல் மறுக்கப்படுகிறது

"எப்போது" தமிழில் வினாச்சொல் என்பதால் இவ்வரிகள் சற்றுச் செயற்கையாக ஒலிக்கும். எனினும் நிரல் அறியாத நூலகரும் இதைப் படித்து, "வரம்பு 3 அல்ல, 5" என்று திருத்த முடியும். இம்முறையின் பயனே அதுதான்.

செயல்சார் மொழியில் எழும் சிக்கல்

ஒவ்வொரு வரியும் நிரலில் ஒரு படியாகிறது. முதற்படியில் உருவான உறுப்பினர் விவரம் அடுத்த படிக்குப் போய்ச் சேர வேண்டும். பொருள்நோக்கு மொழிகளில் அதை ஒரு வகுப்பின் மாறியில் வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்வர். மதிப்புகளை மாற்றாமல் எழுதுவதே செயல்சார் மொழியின் இயல்பு. ஆகவே கருவி இத்தரவை எவ்வாறு கடத்துகிறது என்பது தேர்வில் முக்கியமாகிறது.

கருவிகள்

டிக்ஸ்பெக்: எஃப் ஷார்ப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. படிகள் சாதாரணச் செயற்கூறுகளாகவே இருக்கும். ஒரு படி திருப்பித் தரும் மதிப்பைப் பின்வரும் படி உள்ளீடாகப் பெறலாம்.

ஸ்பெக்ஃப்ளோ: சி ஷார்ப் பயனரிடையே பரவலாக இருந்தது. படிகளை எஃப் ஷார்ப்பில் எழுத முடிந்தாலும், காட்சிக் கோப்புகளுக்குத் தனியே ஒரு சி ஷார்ப் திட்டம் தேவைப்பட்டது. 2024 இறுதியில் இதன் ஆதரவு நின்றது. இதிலிருந்து கிளைத்த ரெக்ன்ரோல் தொடர்கிறது.

எக்ஸ்பெக்டோ: கெர்கின் இல்லாமல், சோதனைகளை நிரலின் மதிப்புகளாகவே எழுத உதவுகிறது. இதனுடன் எஃப்எஸ்செக்கைச் சேர்த்தால், எப்போதும் பொருந்த வேண்டிய விதிகளைத் தற்போக்கான பல உள்ளீடுகளால் சோதிக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் கேட்க வேண்டியது, சோதனையை யார் படிப்பார் என்பதே. நூலகரைப் போன்ற பயனர் உண்மையில் படிப்பாரெனில் கெர்கின் வழிக் கருவி பொருந்தும்; காட்சிகளைத் தமிழில் எழுத வேண்டுமானால் கருவி தமிழ்ச் சிறப்புச்சொற்களை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். நிரலாளர் மட்டுமே படிப்பாரெனில் காட்சிக் கோப்பும் அதற்கான படிகளும் இரட்டை வேலையாகும். அங்கு எக்ஸ்பெக்டோ போதும். கருவி தொடர்ந்து பராமரிக்கப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கருவி நின்றுபோனால், அதை நம்பி எழுதிய சோதனைகள் அனைத்தையும் வேறொன்றுக்கு மாற்ற நேரிடும்.