மீனும் கீரையும் ஒரே நீரில்: சேமிப்பு உண்டு, இலாபம் உண்டா?

ஆறுகள் இல்லாத, வீடுகள் மழைநீர்த் தொட்டிகளை நம்பியிருக்கும் தீவொன்றில் மீன் வளர்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? கரிபியக் கடலில் உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் இக்கேள்விக்கு விடை தேடினார்கள் ஆய்வாளர்கள். மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் இணைக்கும் 'அக்குவாபோனிக்ஸ்' முறை வணிக அளவை எட்டுவதற்கு அந்த ஆய்வு பெரிதும் வழிகாட்டியது.

வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி தலைமையிலான குழு, 1980களில் தொடங்கி சுமார் மூன்று தசாப்தங்கள் இம்முறையைச் செம்மைப்படுத்தியது.

நுண்ணுயிர்களின் பணி

தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்று அறியப்படும் திலாப்பியா மீன்களே இங்கு வளர்க்கப்பட்டன. மீன்கள் வெளியேற்றும் அமோனியா, தொட்டியில் தேங்கினால் அவற்றுக்கே நஞ்சாகும். நீரில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் பயிருக்கு உரம். மிதவைப் பலகைகளில் நடப்பட்ட லெட்டூஸ் கீரையும் துளசி வகைச் செடிகளும் அதை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் மீன்களிடமே திரும்புகிறது.

மறுசுழற்சி மீன் பண்ணைகளில் பொதுவாக நாள்தோறும் 5 முதல் 10 சதவீத நீரை மாற்ற வேண்டியிருக்கும். செயின்ட் குரோயில் அமைந்த தொகுதியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 1,10,000 லீட்டர். அதில் நாளொன்றுக்குச் சேர்க்கப்பட்டதோ ஏறத்தாழ 1.5 சதவீதம் மட்டுமே. ஆண்டுக்கு நான்கு தொன்னுக்கும் மேற்பட்ட மீன்களும், 214 சதுர மீட்டர் பரப்பில் காய்கறிகளும் கிடைத்தன.

கணக்கின் மறுபக்கம்

ஆனால் மீன்கழிவு மட்டுமே பயிருக்குப் போதுமானதல்ல. இரும்பு, கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். மீன்களுக்கு ஆபத்து என்பதால் பூச்சிகொல்லி தெளிக்க இயலாது. கீரைகளைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டர் பயிருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீனுணவு இட வேண்டும். இந்த அளவு பிசகினால் மீனோ பயிரோ பாதிக்கப்படும்.

மிகப் பெரிய ஆபத்து மின்தடை. நெருக்கமாக வளரும் மீன்களுக்குக் காற்றூட்டும் கருவி நின்றுபோனால், சில மணி நேரத்திலேயே அவை மடியக்கூடும். மீன்கள் மடிந்தால் பயிருக்கும் உரமில்லை.

வணிக முறையில் இதைச் செய்யும் 257 பேரிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வொன்று 2015ஆம் ஆண்டு வெளியானது. ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களில் இலாபம் கண்டவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு என்று அது தெரிவித்தது.

நீர் அரிதாகவும் கீரையின் விலை உயர்வாகவும் உள்ள இடங்களில் இம்முறைக்குப் பொருளுண்டு. செயின்ட் குரோய் அத்தகைய இடம். கிணற்று நீரும் மலிவான கீரையும் கிடைக்கும் ஊரில், கடன் வாங்கித் தொட்டி கட்ட முனைபவர் முதலில் கணக்கிட வேண்டியது மீனின் எடையை அல்ல. மின்சாரம், மீனுணவு ஆகியவற்றின் செலவையும், தமது சந்தையில் கீரைக்குக் கிடைக்கும் விலையையும்தான்.