நின்றுபோன யந்திரமும் நந்தனம் மைதானமும்

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் சேர்ப்பித்தபோது, அவ்விருவரும் தம் பிராணனை ஒப்படைத்திருந்தது ‘புஸ் மாத்’ வகைச் சிறு விமானத்தின் மூக்கிலிருந்த ஒரே ஒரு யந்திரத்திடந்தான். இன்றைய பயிற்சி விமானங்களிலும் பெரும்பாலும் ஒன்றே.

அது நிற்காமலிருப்பதற்கான சிரத்தை தரையிலேயே தொடங்குகிறது. தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை வடித்து நீர் கலந்திருக்கிறதா என்று நோக்குவதும், தீப்பொறி மூட்டும் இரு மாக்னெட்டோக்களைத் தனித்தனியே சோதிப்பதும் விமானிக்கு நித்திய அனுஷ்டானம். நம்மூர்க்காரர் எளிதில் நம்பாத அபாயமும் ஒன்றுண்டு: பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள யந்திரங்களில், பெட்ரோல் ஆவியாகும்போது அந்தக் கார்புரேட்டரின் தொண்டை குளிர்ந்து, கடற்காற்றின் ஈரம் அங்கே பனிக்கட்டியாய் உறைந்து மூச்சை அடைத்துவிடும், வெளியே 25 டிகிரி வெப்பம் இருந்தாலும் இது நிகழும். ஆகவே இறங்கத் தொடங்குமுன், சூடான காற்றை உள்ளே விடும் பிடியை இழுத்துவைக்கிறார்கள்.

நின்றேவிட்டதாயின்? ஓடுபாதையை விட்டெழும்பிய மறுகணமே நின்றால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட மனம் துடிக்கும். அந்தத் திருப்பத்தில் உயரமும் வேகமும் ஒருங்கே கரைந்து விமானம் சுழன்று வீழ்ந்த சந்தர்ப்பங்கள் அநேகம். ஏறக்குறைய நேர் எதிரே கிடைத்த இடத்தில் இறங்குவது என்னும் தீர்மானத்தை, யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும்படி ஆசிரியர்கள் பழக்குவது இதனால்தான்.

உயரத்தில் நின்றால் விமானம் கல்லாய் விழுவதில்லை. செஸ்னா 172 வகைப் பயிற்சி விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னேறும். 1,000 அடி உயரம் கையிலிருந்தால், காற்றில்லாத வேளையில், இரண்டே முக்கால் கிலோமீட்டர் வரை மிதந்து வரலாம். இந்தக் கணக்கை நம் சென்னை நகரத்தின்மீது வைத்துப் பார்த்தேன் (அனுமதியின்றி அங்கே எவரும் பறக்க இயலாது, இது வெறும் மனக்கணக்கு). மயிலைக் கபாலி கோபுரத்துக்கு மேலிருப்பவன் கடற்கரை மணலை எட்டிவிடுவான். தியாகராய நகர்ப் பனகல் பூங்காவுக்கு மேலிருப்பவனுக்கு அது எட்டாது. மயிலைக்காரனுக்கு அடையாற்றுக் கழிமுகமும் ஆசை காட்டும்; ஆனால் மடக்க முடியாத சக்கரங்கள் நீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழக்கூடும். தியாகராய நகர்க்காரனுக்கு எட்டும் தூரத்தில் விரிந்துகிடப்பது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், ஜனவரி பிறந்தால் அதையும் புத்தகக் கண்காட்சி பிடித்துக்கொள்கிறது.