72 கட்டணங்கள் 4 ஆன கதை
ட்ரோன் விதிகள் விஷயத்தில் ஆறே மாதத்துக்குள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. எப்படிக் கேட்டால் கதவு திறக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

2014 மே மாதம். மும்பையில் ஒரு பீட்சா கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு ட்ரோன் மூலம் பீட்சா அனுப்பிப் பார்த்தது. வீடியோ நாடெங்கும் பரவியது. போலீசார் விளக்கம் கேட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ ஓர் அறிவிப்பை வெளியிட்டது: விதிகள் தயாராகும்வரை தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

விதிகள் தயாராக நான்கு ஆண்டுகள் பிடித்தன. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த அவை போதாதென்று, 2021 மார்ச் 12-ல் இன்னும் விரிவான விதிகள் வந்தன. படிவங்கள் 25. கட்டணங்கள் 72 வகை. ட்ரோனைத் தயாரிக்க, பராமரிக்க, இறக்குமதி செய்ய, ஓட்டக் கற்றுக்கொள்ள, ஏன், ஆராய்ச்சி செய்யக்கூட அனுமதி தேவை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை பறக்கவிடும்போதும் தனி அனுமதி. காற்று அடங்கிய காலை நேரத்தில் பயிருக்கு மருந்து தெளிக்க நினைக்கும் விவசாயிக்கு இது எப்படிச் சரிப்படும்? அனுமதி வருவதற்குள் பூச்சி பயிரைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

இதுபோன்ற சமயங்களில் தொழில்துறையினருக்குப் பழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, புலம்புவது. இன்னொன்று, விதியைக் கண்டுகொள்ளாமல் தொழிலை நடத்துவது. இம்முறை கல்வியாளர்களும் இளம் தொழில்முனைவோரும் ட்ரோனைப் பயன்படுத்துவோரும் தங்கள் ஆட்சேபங்களை அரசிடமே கொண்டுசென்றனர். காகித வேலை அதிகம், தாராளமாகப் பறக்க இடமே இல்லை என்பவை முக்கியப் புகார்கள். இந்தக் கருத்துகளின் அடிப்படையில்தான் விதிகளை மாற்றுவதாக அமைச்சகமே பிறகு ஒப்புக்கொண்டது. தன் விதி கெடுபிடியானது என்று ஒரு அரசுத் துறை ஒப்புக்கொள்வது நம் நாட்டில் அபூர்வம்.

ஆனால் நடுவே ஒரு கண்டம். 2021 ஜூன் 27-ல் ஜம்மு விமானப் படைத் தளத்தின் மீது ட்ரோன்கள் மூலம் வெடிகுண்டுகள் வீசப்பட்டன. இனி விதிகள் இறுகும் என்றே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. மூன்றே வாரத்தில், ஜூலை 14-ல், தளர்த்தப்பட்ட வரைவு விதிகள் வெளியாயின. ஆகஸ்ட் 5 வரை பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. ஆகஸ்ட் 25-ல் புதிய விதிகள் அரசிதழில் வந்துவிட்டன.

படிவங்கள் 25-லிருந்து 5 ஆயின. கட்டணங்கள் 72-லிருந்து 4. பெரிய ட்ரோனை இயக்கும் உரிமத்துக்கான 3,000 ரூபாய் கட்டணம் எல்லா வகைக்கும் 100 ரூபாய் ஆனது. விமான நிலையத்திலிருந்து 45 கிலோமீட்டர் வரை நீண்ட கட்டுப்பாட்டு எல்லை 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க அனுமதியே வேண்டாம்.

பாதுகாப்பு என்னவாயிற்று? அது கைவிடப்படவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். ஒவ்வொரு ட்ரோனுக்கும் பதிவு எண் உண்டு. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி நுழைய முடியாது. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதைக் காட்டும் வரைபடம் அடுத்த மாதமே வெளியானது. அரசின் பயம் நியாயமானது. அதற்குக் கண்ட மருந்துதான் தவறு. 72 கட்டணம் வசூலித்தாலும் தீவிரவாதி படிவம் நிரப்பப் போவதில்லை. அரசுக்குத் தேவைப்பட்டது ரசீதுப் புத்தகம் அல்ல, வரைபடம்.

ஆனால், எல்லா விதியையும் வீண் சுமை என்று தள்ளிவிட முடியாது. விமானிகளின் களைப்பைக் குறைக்க, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு நேரத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து 2024 ஜனவரியில் டிஜிசிஏ விதி வகுத்தது. அந்த ஜூனில் வரவேண்டிய விதி தள்ளிப்போய், 2025 நவம்பரில்தான் முழுமையாக அமலானது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம். அப்படியும் டிசம்பரில் போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. திட்டமிடலில் கோளாறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடக்க, டிஜிசிஏ அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு அளிக்க நேர்ந்தது. இது பேச்சுவார்த்தையில் கிடைத்த சலுகை அல்ல, நெருக்கடியில் பறித்தது. விமானியின் தூக்கம் பேரம் பேசும் பொருளல்ல.

இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் புரியும். ஒரு விதியை எதிர்ப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விதி எந்த ஆபத்தைத் தடுக்கிறது? அதே ஆபத்தை இதைவிடக் குறைந்த செலவில் தடுக்க வழி சொன்னால் அரசு காது கொடுக்கும். "எங்களுக்குச் செலவாகிறது" என்பதை மட்டும் சொன்னால், அது கோரிக்கை அல்ல, புலம்பல்.

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. கேமரா உள்ள ட்ரோனுக்கு 18 சதவீதமும் சொந்த உபயோகத்துக்கு 28 சதவீதமுமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில்தான் 5 சதவீதமாகக் குறைந்தது. மறுபுறம், வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் விழுந்த தடை, சில விலக்குகளுடன், புதிய கட்டுப்பாடாக முளைத்தது. ஆட்சேபம் எழுத இன்னும் விஷயம் இருக்கிறது. எழுதினால் பலன் உண்டு என்பதற்கு 2021 சாட்சி.